அக்காவின் தனிமைமேல் ஒரு கண்

எங்கள் தையல் கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவளை எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவோம். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றித் தைப்பது அவள் வேலை. கை சட்டையில் இருக்கும், வாய் மட்டும் கூடப்பிறந்த அக்காவைச் சுற்றியே வரும்.

அந்த அக்காவின் கணவர் தவறி இரண்டு வருடம். பிள்ளைகளும் இல்லை. "பாவம், தனியா இருக்கா" என்று குடும்பமே கூடிப் பேசி, தினம் ஒருவர் போன் செய்வதென்று முறை வைத்துக்கொண்டது. திங்கள் அண்ணன், செவ்வாய் அண்ணி, புதன் காஜாக்கா, இப்படியே ஞாயிறு வரைக்கும். புதன்கிழமை ஆனால் காஜாக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு அவளைக் கேக்க ஏழு நாளும் ஏழு பேர். என்னை யாராவது கேட்டிருக்காங்களா? வயிறு எரியுதுடி."

வீட்டில் கணவர், மாமியார், மூன்று பிள்ளைகள். ஏதாவது காணாமல் போனால்தான் அவர்களுக்கு இவள் ஞாபகம் வரும்.

ஒரு நாள் மதியம் எங்கள் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, எனக்கும் தனியா இருக்கற மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆறு பேர் இருக்கற வீட்லயா? உனக்கென்னம்மா குறைச்சல்? சரி, ஒரு வாரம் லீவு போட்டு அக்காவோட போய் இரு. ரெண்டு பேருக்கும் துணையாச்சு."

ஞாயிறன்று போனாள். அக்காவுக்கு வருகிற போனில் தன்னையும் நாலு வார்த்தை விசாரிப்பார்கள் என்று ஆசை. திங்கள் போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வியாழக்கிழமை இவள் போன்தான் அடித்தது. மகன். "அம்மா, மிக்சி மூடி எங்க?" சொன்னாள், வைத்துவிட்டான்.

பொறுக்காமல் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "நீதான் இருக்கியே, அக்கா இப்ப தனியா இல்லல்ல. அதான் இந்த வாரம் வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "நீ எப்ப கிளம்பற?"

"ஏன்க்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு இருக்கே."

"உனக்கு மூடி எங்கன்னு கேக்கவாவது ஆள் இருக்கு. எனக்கு இருந்தது அந்த போன்தான். அதையும் வந்து கெடுத்துட்டியேடி."

அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல் வரை வந்த அக்கா, "நான் தனியா இருக்கேன்னு அண்ணன்கிட்ட மறக்காம சொல்லிடு" என்றாளாம்.

சனிக்கிழமை வேலைக்கு வந்து இதையெல்லாம் எங்களிடம் கொட்டினாள்.

"சொல்லிட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. மனசு வரல" என்றவள், அடுத்த சட்டையை எடுத்தாள்.