விஞ்ச் ஓட்டும் நாகவல்லி

நாகவல்லிக்கு நாற்பத்தாறு வயது. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறாள். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. அதன் கூண்டுக்குள் உட்கார்ந்து பல டன் இரும்பை அலுங்காமல் தூக்கி, கீழே நிற்பவர் விரல் காட்டும் இடத்தில் இறக்கி வைப்பாள். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. பொம்பளைக்குக் கிரேனா என்று முதலில் சிரித்தவர்களே இன்று சிக்கலான பாரம் வந்தால் அவள் ஷிப்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற உலகநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெமிலிச்சேரியில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், ஊடு தேடி வந்துகிறீங்க? உள்ள வாங்க."

"உன் கை வேணும்மா எனக்கு" என்றார் அவர்.

குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஒரு நீளமான வெற்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவரும் நண்பர்களும் ஒரு கிளைடர் சங்கம் நடத்தி வந்தார்கள். கிளைடர் என்பது காற்றில் மிதந்தே பறக்கும் சின்ன விமானம்; அதற்கு இன்ஜின் கிடையாது. இன்னொரு விமானம்தான் அதை மேலே இழுத்துப்போய் விடவேண்டும். அதற்கு ஆகும் செலவு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை. படிக்கிற பிள்ளைகள் எங்கே வருவார்கள்? ஆறு வருடமாகப் புதிதாக ஓர் ஆள் சேரவில்லை.

"நாங்க போயிட்டா கிளைடரைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்றார் உலகநாதன்.

அதனால் பழைய லாரி இன்ஜின் ஒன்றை வாங்கி விஞ்ச் செய்திருந்தார்கள். நிலத்தின் ஒரு கோடியில் விஞ்ச், மறுகோடியில் கிளைடர், நடுவே ஒரு கிலோமீட்டர் கம்பி. விஞ்ச் கம்பியைச் சுருட்டச் சுருட்ட, கிளைடர் காற்றாடி மாதிரி எழும்பும். உச்சிக்குப் போனதும் பைலட் கம்பியைக் கழற்றிவிடுவார். செலவு கால்வாசிதான். ஆனால் இதுவரை ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் வெடுக்வெடுக்கென்று இழுத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

நாகவல்லி போய்ப் பார்த்தாள். இரண்டு தடவை வெறும் கம்பியைச் சுருட்டிப் பழகினாள். மூன்றாவது தடவை கிளைடரை மாட்டச் சொன்னாள். பயிற்சியாளர் முகமது இஸ்மாயில் இறங்கி வந்து, "லிப்ட்ல போன மாதிரி இருந்துச்சும்மா" என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் வேலை அங்கேதான்.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஒரு தடவை பறந்து, செல்பி எடுத்துக்கொண்டு போனவர்கள் மறுபடி வரவில்லை. விஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் அதைக் கவனித்தாள். ஒரு நாள் மதியம் உலகநாதனிடம் நேராகவே கேட்டாள்.

"காத்தால ஏழு மணிக்கு வந்த புள்ள ரெண்டு மணி வரிக்கும் வெயில்ல நின்னுகினு கீது. பறக்கறது அஞ்சு நிமிஷம். அப்பால எப்டி சார் வரும்? பொண்ணுங்களுக்கு ஒரு பாத்ரூம் கூட இல்ல."

உலகநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுவாரமே ஆளுக்கொரு நேரம் குறித்து போனில் சொல்லியனுப்பினார். ஒருவருக்கு அடுத்தடுத்து மூன்று பறப்பு. குட்டி யானை வண்டியில் கம்பியைத் திரும்ப இழுத்துப்போகவும், கிளைடரைத் தள்ளவும் கை கொடுக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. தகரக் கதவு போட்ட கழிப்பறை ஒன்றும் எழும்பியது.

அப்படிச் சேர்ந்தவள்தான் கவிப்பிரியா. பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவி, ஆவடி குவார்ட்டர்ஸ்காரி. இஸ்மாயிலுடன் அவள் ஒன்பதாவது தடவை ஏறியபோது, கிளைடர் பனைமர உயரத்தில் இருக்கையில், பட்டென்று கம்பி விட்டுப்போனது. இஸ்மாயில் மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே பதமாக இறக்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை.

நாகவல்லி இன்ஜினை நிறுத்தினாள். அவள் வேலை செய்யும் இடத்தில் சங்கிலி அறுந்தால் அடியில் ஆள் செத்தான் என்றுதான் அர்த்தம். பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தாள்.

கவிப்பிரியா கிளைடர் இறங்கிய இடத்திலிருந்து ஓடி வந்து அவளைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க போறீங்க? மறுபடி ஏறணும், வாங்க."

"கம்பி அறுந்துட்சி. என் தப்பு."

"கம்பி அறுந்துபோகலக்கா! இதான்." கவிப்பிரியா உள்ளங்கையை விரித்தாள். இரண்டாக உடைந்த ஒரு சின்ன இரும்புத் துண்டு. காற்று திடீரென்று தூக்கி இழுவை அளவுக்கு மீறினால் கிளைடர் சேதமாகாமல் இருக்க, தானே உடைந்துகொள்ளும்படி கம்பி நுனியில் மாட்டியிருப்பது.

நாகவல்லிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. திரும்பி நடந்து, நேரே இஸ்மாயிலிடம் போனாள்.

"ஒடையத்தான் வச்சிகீதுன்னு மொதல்லயே சொல்லணும்ல பாய்? எனக்கே சொல்லலன்னா இதுங்களப் பெத்தவங்களுக்கு இன்னா சொல்லிகீறீங்க?"

"தப்புதாம்மா" என்றார் இஸ்மாயில்.

அடுத்த ஞாயிறு பெற்றோரை வரவழைத்தார்கள். இஸ்மாயில் விளக்கப் படத்தோடு பேசினார். தாய்மார்கள் கொட்டாவி விட்டார்கள். நாகவல்லி எழுந்து, உடைந்த துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "ஊட்ல கரண்ட்டு ஜாஸ்தியானா பீஸ் போவுதில்ல, அந்த மாதிரிதான் இது. இது போச்சின்னா புள்ள பத்திரமா கீதுன்னு அர்த்தம். போனா எப்டி எறங்கணும்னு சொல்லிக் குடுத்துட்டுதான் தனியா உடுவாங்க." அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க மதியமாகிவிட்டது. அந்த மாதத்தில் ஏழு பேர் சேர்ந்தார்கள். அதில் நான்கு பேர் பெண்கள்.

போன மார்கழியில் கவிப்பிரியா முதல் முறையாகத் தனியாக ஏறினாள். வாக்கிடாக்கியில் தகவல் வந்ததும் நாகவல்லி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினாள். பின்சீட்டில் இஸ்மாயில் இல்லாத எடைக்குறைவு உடனே கையில் தெரிந்தது. கிளைடர் விருட்டென்று எழப் பார்த்தது. அவள் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, பிள்ளை போகிற வேகத்துக்கே விட்டுக் கொடுத்தாள். உச்சியில் கம்பி கழன்று விழுந்தது. அதைச் சுருட்டி முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை இறக்கை செம்பரம்பாக்கம் பக்கமாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.