பஃபலோவிலிருந்து ரொச்செஸ்ரர் வரை நாற்பது செக்கன்

இன்று காலை பத்தேகாலுக்கு, வீட்டிலிருந்தபடியே ஒரு வேலை மீற்றிங்கில் மிக முக்கியமான ஆளைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து ஏதோ விழுந்தது. சும்மா சத்தமில்லை. ஒரு டசின் அலுமினியத் தட்டுகளை ஒரேயடியாகச் சீமெந்தில் போட்ட சத்தம். மீற்றிங்கில் இருந்த எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கை மூடிவிட்டு ஓடினேன்.

விட்பியில் எங்களுடையது ஒட்டு வீடு. ஒரே கூரை, நடுவே ஒரு சுவர், இரண்டு குடும்பம். இந்த வருடம் கூரையை மாற்றுகிறார்கள். மேலே நின்ற வேலைக்காரர் எட்டிப் பார்த்து, வைத்திருப்பதா எறிவதா என்று கையால் கேட்டார். கார்ப் பாதையில் கிடந்தது எங்கள் பழைய அன்ரெனா. பெரிய பாரை மீன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு முள்ளை மட்டும் போட்டதுபோலக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். கை முழுக்க ஈர இரும்பு மணம். உடனே இன்னொரு மணம் வந்து ஏறியது: பக்கத்து வீட்டுப் பேஸ்மென்ற்றின் மணம். மட்டன் ரோல் எண்ணெய், நனைந்த சப்பாத்து, சூடேறிய தூசி. மீற்றிங்காவது மண்ணாவது. இதை உனக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

பக்கத்து வீட்டில் அப்போது ஞானம் அங்கிள் இருந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுக்காரர், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசை தவறாதவர், ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் வேலை. கேபிள்காரன் கட்டணத்தைக் கூட்டிய அன்றே இணைப்பை வெட்டிவிட்டு, கூரையில் இந்த அன்ரெனாவை ஏற்றினார். ஒன்ராறியோ ஏரிக்கு மேலால் அமெரிக்காவின் சனல்கள் சும்மா வரும். நேரே தெற்கே பார்த்தால் அக்கரையில் பஃபலோ நகரம். கொஞ்சம் கிழக்கே திருப்பினால் ரொச்செஸ்ரர். திருப்புவதற்குக் கூரையில் ஒரு மோட்டார், கீழே சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு டயல், ஒரு குட்டிச் சிவப்பு லைற். மோட்டார் சுற்றும் மட்டும் அந்த லைற் எரியும். புது மோட்டார் என்றால் பத்துப் பதினைந்து செக்கனில் திரும்பிவிடும். அங்கிளின் மோட்டாருக்கு வயசாகிவிட்டது, குளிரில் நாரிப்பிடிப்பு வேறு. பஃபலோவிலிருந்து ரொச்செஸ்ரர் போக நாற்பது செக்கன் எடுக்கும். திரும்பி வர இன்னொரு நாற்பது.

அந்த டயல் என் கையில். எனக்கு அப்போது பதினேழு வயது, ஆனால் தெருவிலேயே பஃபலோவைப் படம் உடையாமல் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். டயல் அதிகாரத்துக்காக அங்கிள் எனக்கு வைத்த பெயர் 'மினிஸ்டர்'.

நாங்கள் பார்த்தது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஃபுட்போல். வெள்ளைக்காரர் சிலருக்கே இந்த வெறியை விளங்கப்படுத்த வேண்டும், எங்களுடைய ஆட்களுக்குத் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டு நாற்பது வருடமான பிறகும், ஸ்காபரோ மண்டபத்தில் நடக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலில், எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காரர் இருக்கும் மேசைப் பக்கம் கழுத்தைத் திருப்பாத அங்கிள்மாரை நீயும் பார்த்திருப்பாய். அதே வியாதிதான். ஒரே வித்தியாசம், அப்பாவும் ஞானம் அங்கிளும் அந்தப் பல்கலைக்கழகங்களின் வாசலைக்கூடக் கண்டதில்லை.

அங்கிள் கனடாவுக்கு வந்த புதிதில் வின்ட்சரில் இருந்தவர். ஆற்றைக் கடந்தால் அமெரிக்கா. அதனால் வட மாநிலங்களின் அணி எதுவென்றாலும் அவருடைய அணி. "வடக்கெண்டா வடக்குத்தான், ஐசே. பனிக்குள்ள விளையாடுறவன்தான் ஆம்பிளை. தெற்கில வெயிலுக்க நிண்டு விளையாடுறவங்களுக்கு மூண்டாம் குவார்ட்டரில நித்திரை வந்திடும்" என்பார்.

எங்கள் அப்பா கிழக்கு மாகாணத்து மட்டக்களப்பு. இந்த நகரத்தில் தமிழ் மண்டபம் எதற்குள் போனாலும் மைக் வடக்காரின் கையில் இருப்பதை இருபது வருடமாகப் பின் வரிசையில் இருந்து பார்த்த மனிதர். 'வடக்கெண்டா வடக்குத்தான்' என்ற வசனத்தை அவர் ஃபுட்போல் வசனமாக மட்டும் கேட்டிருப்பார் என்று நினைக்கிறாயா? அன்றே தெற்கின் பக்கம் போய்விட்டார். போனவர் ஒழுங்கான அணியாகப் பார்த்துப் போனாரா? அந்தக் காலத்தில் தெற்கு நாட்டையே ஆண்டுகொண்டிருந்தது. வருடா வருடம் கிண்ணம் தெற்குக்குத்தான். அந்த ராட்சத அணிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மைதானத்துக்குப் பின்னால் மட்டக்களப்பு வாவி மாதிரித் தண்ணீர் தெரிகிறது என்பதற்காக, செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு நோஞ்சான் அணியைப் பிடித்தார். "அப்பா, உவங்கள் வெல்லவே மாட்டாங்கள்" என்றேன். "வெல்லுறவன எல்லாரும்தான் பிடிப்பாங்க, மனே" என்றார். அப்பாவுக்கு ஆண், பெண், தபால்காரர் எல்லாரும் 'மனே'தான்.

ஜனவரி முதலாம் திகதி மத்தியானம் ஒரு மணிக்கு, வடக்கு அணி ஒன்றும் தெற்கு அணி ஒன்றும் புளோரிடாவில் மோதும். கிண்ணத்துக்கான மட்ச் இல்லை. அரையிறுதிகூட இல்லை. தெற்கின் பெரிய அணிகள் பெரிய மட்ச்சுகளுக்குப் போய்விடும், இங்கே வருவது மிச்சம் மீதி. உலகத்துக்கு அது ஒரு விடுமுறை நாள் பொழுதுபோக்கு. எங்கள் ஒட்டு வீட்டுக்கு அது யுத்தம். அங்கிள் பூசையிலிருந்தும் அப்பா கோயிலிலிருந்தும் நேரே அந்தப் பேஸ்மென்ற்றுக்கு வருவார்கள், ஒருவர் நெற்றியில் திருநீறு, மற்றவர் கையில் கிறிஸ்மஸ் ரிச் கேக்.

பந்தயம் இதுதான்: தோற்றவர் தன் பக்கத்து முற்றத்தில் வென்றவரின் கொடியை நட வேண்டும். ஜனவரியில் நிலம் கல்லு. அதனால் கொடியைப் பனிக்குவியலுக்குள் குத்துவார்கள். பனி கரைந்து கொடி தானாக விழும்வரை யாரும் தொடக்கூடாது. தொடர்ந்து மூன்று வருடம் எங்கள் முற்றத்தில் வடக்குக் கொடி நின்றது. ஒரு வருடம் ஏப்ரல் மட்டும் விழாமல் நின்றது, அப்படி ஒரு பனி. அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றித்தான் நடப்பார். தெருவால் போகிற தமிழர் ஒவ்வொருவரும் நிறுத்தி விசாரிப்பார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்வார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான்காவது வருடம் நடந்ததை நம்ப மாட்டாய். அப்பாவின் நோஞ்சான் அணியே அந்த மட்ச்சுக்கு வந்துவிட்டது!

அப்பா செம்மஞ்சள் சேட் போட்டு வந்தார். அம்மா அதைப் பார்த்து, "கந்தசஷ்டிக்குக்கூட இப்பிடி வெளிக்கிடேல்ல" என்றாள். மட்ச் என்றால் அப்படியொரு மட்ச். இவன் அடிக்க அவன் அடிக்க, புள்ளிகள் மாறி மாறி ஏறின. அங்கிள் சோபாவில் என் இடதுபக்கம், அப்பா ரி.வி.க்கு முன்னால் நின்றபடி. இருக்கச் சொன்னால் இருக்கவில்லை.

கடைசியில் ஏழு செக்கன்தான் மிச்சம். வடக்கு இரண்டு புள்ளி முன்னுக்கு. தெற்குக்கு ஒரே ஒரு உதை மிச்சம். பந்தை இரண்டு தூணுக்கு நடுவால் உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. தூரமான உதை. உதைக்க வந்த பெடியன் அன்று இதைவிடக் கிட்ட இருந்து இரண்டு உதையைத் தவறவிட்டவன். அவனைப் பதற வைக்க வடக்கின் பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். பெடியன் தனியே நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உவன் அடிக்க மாட்டான், ஐசே. கொடியைக் கழுவி வச்சிருக்கிறன்" என்றார் அங்கிள்.

அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றார். சேட்டின் முதுகு முழுக்க வியர்வை. இந்த மனிதர் தோற்பதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தது மட்டும் ஞாபகம். அடுத்ததாக ஞாபகம் இருப்பது, டயல் ரொச்செஸ்ரரில் நிற்கிறது.

ஓம், நான்தான் திருப்பினேன். யாருக்கும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பந்து பின்னால் வந்தது. பெடியன் ஓடினான், காலைத் தூக்கினான், படம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தரத்தில் ஒரு கால். பிறகு கறுப்பு.

"மனே! பஃபலோ! பஃபலோவப் பிடி!" அப்பா கத்தினார். டயலைத் திருப்பினேன். ஆனால் அந்த மோட்டாரை அவசரப்படுத்த ஆராலும் முடியாது. தொடங்கிய சுற்று ரொச்செஸ்ரர் மட்டும் போய் முடிந்து, பிறகுதான் திரும்பி வரும். ஒரு நிமிடத்துக்கு மேல். படம் திரும்பி வந்தபோது ஒரு கார் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

அங்கிளின் போன் அடித்தது. மகன் ஜெரோம். அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, அங்கே கேபிள் இருந்தது. அங்கிள் போனைக் காதில் வைத்தார். "ம். ம்… சரி, வை." வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோல் தட்டைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்னவும் சொல்லியிருக்கலாம்.

"ஐசே," என்றார். "உள்ளுக்க போட்டுதாம்."

அப்பா துள்ளவில்லை. "ஆரு சொன்ன?"

"ஜெரோம்."

"அவன் கண்ணால பாத்தவனாமா?"

"கண்ணால பாத்தவனாம்."

அப்பா திரும்பி ரி.வி.யைப் பார்த்தார். கார் இன்னும் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காருக்குக் கை தட்டினார். அவருடைய வாழ்க்கையிலேயே ஒரே ஒரு வெற்றி, அதை அவரைக் காணவிடாமல் செய்தது நான். அன்று பின்னேரம் அங்கிள் தன் முற்றத்துப் பனிக்குள் செம்மஞ்சள் கொடியைக் குத்தியபோது எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் குளியலறையில் இருந்து அழுதேன். வயிற்றுக்குத்து என்று சொன்னேன். ரோல்களில் ஒன்பது சாப்பிட்டிருந்ததால் நம்பிவிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். அந்த உதை வளரத் தொடங்கியது. முதல் கிழமை அப்பா, "நாங்க பாக்கேல்ல, ஆனா போயிட்டு" என்றார். தைப்பொங்கல் தாண்டியதும் பந்து தூணில் பட்டது. அடுத்த வருடம் இடது தூணில் பட்டு, வலது தூணில் பட்டு உள்ளே விழுந்தது. அங்கிள் தன் பங்குக்குக் காற்றைச் சேர்த்தார். "பேய்க் காத்து, ஐசே! இல்லாட்டி அது வெளியால." இரண்டு பேரும் காணாத உதையை இரண்டு பேரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு நாள் ரயிலில் போகும்போது போனில் தேடிப் பார்த்தேன். பதினொரு செக்கன் வீடியோ. பந்து நேரே நடுவால் போகிறது. எந்தத் தூணிலும் படவில்லை. காற்றும் இல்லை, பின்னால் கொடிகள் தொங்கிக்கொண்டு நிற்கின்றன. வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் காட்டவில்லை.

இப்போது அந்த மட்ச் இருக்கிறது, ஆனால் அது இல்லை. நல்ல விளையாட்டுக்காரர் காயம் வந்துவிடும் என்று கடைசி மட்ச்சுக்கு வருவதில்லை. வருகிறவனும் அடுத்த வருடம் வேறு பல்கலைக்கழகத்தில் நிற்கிறான். பசிபிக் கரையில் இருக்கிற அணிகள் வடக்கு லீக்கில் விளையாடுகின்றன. இதை அங்கிளுக்கு விளங்கப்படுத்தப் போய் நான் களைத்துவிட்டேன். பெடியன்களுக்கு நேரடியாகவே சம்பளம் மாதிரிக் காசு கொடுக்கலாம் என்று வந்த பிறகு, தெற்கின் பிடியும் தளர்ந்து கிண்ணம் மறுபடி வடக்கே போகத் தொடங்கிவிட்டது. அங்கிள் போன் எடுத்துச் சொல்வார்: "பாத்தனியோ, ஐசே, வடக்கு திரும்பி வந்திட்டுது." அப்பா, "அதுசரி, அண்டைக்கு?" என்பார். அதோடு கதை முடியும்.

அங்கிள் வீட்டை விற்று, ஒஷாவாவில் ஜெரோமுக்குக் கிட்ட ஒரு அப்பார்ட்மென்ற்றுக்குப் போனபோது அன்ரெனாவைக் கூரையிலேயே விட்டுவிட்டார். பெட்டியை மட்டும் கொண்டுபோனார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று அப்பா போன் எடுத்துச் சொன்னதும், அரை மணித்தியாலத்தில் அங்கிள் வந்து இறங்கினார். கையில் அந்தப் பெட்டி. "ரெண்டும் ஒண்டாத்தான் போகோணும்" என்றார். அப்பா கூரைக்காரரைப் பிடித்து, தன் ஆங்கிலத்தில் அந்த உதையை விளங்கப்படுத்தத் தொடங்கியிருந்தார். கை இடதுபக்கம் போனது, வலதுபக்கம் போனது. அங்கிள் என்னிடம் பெட்டியை நீட்டினார். டயலில் என் விரல் பட்ட இடம் தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

"மினிஸ்டர், அண்டைக்கு லைற் எரிஞ்சதை நான் கண்டனான்" என்றார், மெதுவாக.

அப்பாவைப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை.

"அப்ப ஏன் அங்கிள் ஒண்டும் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்ல? அவன் உள்ளுக்க அடிச்சுப் போடுவான் எண்டு எனக்குப் பயம். நீ திருப்பியிருக்காட்டி நான் திருப்பியிருப்பன்."

அந்த நேரம் பார்த்து அப்பா அங்கிருந்து கூப்பிட்டார். "மனே! இவருக்குச் சொல்லு, முதல்ல இடது போஸ்ட்டா, வலது போஸ்ட்டா?"

போன் என் பொக்கற்றில் இருந்தது. பதினொரு செக்கன்.

"இடது!" என்றேன்.

"பிறகு வலது," என்றார் அங்கிள் உடனே. "பிறகு மேல் கம்பியிலயும் ஒருக்கா."

அப்பா அங்கிளைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தூண்களுக்கு மேல் கம்பியே கிடையாது, அவருக்கே அது புதிது. இரண்டு செக்கன் யோசித்தார். பிறகு கூரைக்காரரிடம் திரும்பி, கையை இன்னும் உயர்த்தி, மேல் கம்பியையும் சேர்த்துக்கொண்டார்.

மத்தியானம் குப்பை வண்டி வந்து அன்ரெனாவையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனது. கூரையில் நான்கு ஆணி ஓட்டைகள் தெரிந்தன. அவற்றையும் இரண்டு மணிக்குள் மூடிவிட்டார்கள்.