ஏசிக்குள் போன பதர்

காரின் ஏசியைப் போட்டால் கடகடவென்று சத்தம் வரும், பிறகு காற்றே நின்றுவிடும். மறுநாள் காலை நிறைமாத மனைவியை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். முந்திய வாரம்தான் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ என்பதால் எங்கள் பக்கம் கார் திருத்தும் கராஜ் எல்லாம் பூட்டு. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

முன் இருக்கைக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றினேன். உள்ளே காற்றை ஊதும் விசிறி நிறைய நெற்பதர். முற்றத்தில் நின்ற காருக்குப் பக்கத்திலேயே நெல்லைத் தூற்றியிருந்தோம், எவனுக்கும் மூளை வேலை செய்யவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஓட்டையால் பதர் இறங்கியிருக்கிறது. பழைய பல் பிரஷால் சுரண்டி எடுத்தேன். விசிறி உடைந்துவிடாமல் மெதுவாகத் துடைத்து, பெட்டியைத் திரும்ப மாட்டினேன்.

மனைவி முன் இருக்கையில் வந்து அமர்ந்தாள். "போடுங்க பாப்பம்."

போட்டேன். சத்தம் இல்லை. மிச்சப் பதர் பறந்து அவள் முகமெல்லாம் ஒட்டியது.

"இஞ்சேருங்க, புள்ளைக்கு இப்பவே சோறு ஊட்டுறீங்களா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று குளிரும்வரை, இன்னும் பதர் பறந்து படாமல், அவள் முகத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன்.