மூன்றாம் லைன்காரி

போன வாரம் என் மருமகள் அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் சங்கம் ஆரம்பிக்கலாம் என்று போனில் ஒரு குரூப் தொடங்கினார்களாம். ஆள் மேல் ஆள் சேர்ந்த பிறகுதான் தெரிந்ததாம், மேனேஜரும் அதில் உட்கார்ந்திருக்கிறார் என்று. அதைச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல போனே இல்லாம எப்படி அத்தை ஸ்ட்ரைக் பண்ணீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன் இல்லாமலா? ஊர் போன் முழுக்க எங்கள் கையில்தான் இருந்தது!

நான் டெலிபோன் ஆபரேட்டர். சங்கத்துக் கிளைச் செயலாளரும் நானே. வேறு யாரும் வாயைத் திறக்காததால் என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் போர்டில் வயரைச் செருகி அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிடுவோம். அவள் அங்கே நம்பரைச் சேர்த்துவிடுவாள். பெரிய பெரிய முதலாளியெல்லாம் "அம்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்று கெஞ்சுவார்கள். அந்தக் கெத்து யாருக்கு வரும்?

ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வரும் ஊர் ஒன்று. அங்கே மூன்றாவது லைனில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். லைனில் பேரைச் சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதனால் அவள் எங்களுக்கு மூன்றாம் லைன்காரி. முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவளுக்குச் சளி பிடித்தால் எனக்குத் தெரியும், வீட்டில் அழுதுவிட்டு வந்திருந்தாலும் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே தூங்கும் நேரத்தில் லைன் சும்மா கிடக்கும். அப்போது ஆரம்பித்தால் ஓயமாட்டோம். என் மாமியாரைப் பற்றி என் புருஷனுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் மூக்காலேயே சிரிப்பாள். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

சங்கத்தையும் அந்த வயர் வழியாகத்தான் கட்டினோம். முதுகுக்குப் பின்னால் ஆபீசர் நடந்துகொண்டிருப்பார். நாங்கள் "ஹலோ, லைன் கிளியரா இருக்கா?" என்ற அதே குரலில் கூட்டம் நடக்கும் நாளைச் சொல்லிக்கொண்டிருப்போம். தானாகவே நம்பரைச் சேர்க்கும் மிஷின் வரப்போகிறது என்றார்கள். மிஷின் வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் எங்களைப் போல் நிரந்தரமானவர்களுக்கு வேறு மேஜை தருவார்களாம், தற்காலிகமாக இருந்தவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மூன்றாம் லைன்காரி தற்காலிகம். அவள் புருஷனுடைய ஆலையை மூடியாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், எல்லாருக்கும் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒருத்தியையும் வெளியே அனுப்பக் கூடாது என்று ஸ்ட்ரைக் அறிவித்தோம்.

ஒரே காலையில் எல்லா ஊரிலும் ஹெட்போனைக் கழற்றி வைத்தோம். ஆரவாரமாகத் தெருவுக்கு இறங்கினோம். "சரி, மத்த ஊர்ல எல்லாரும் இறங்கிட்டாங்களான்னு கேளுங்க" என்றேன் ஜம்பமாக. யாரிடம் கேட்பது? யார் லைன் போடுவார்கள்? லைன் போடுகிறவர்கள் மொத்தமும் தெருவில் நின்றோம்! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தோம். இத்தனை யோசித்த மகராசிகளுக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். ஒரு காலை ஆபீசர் கேட்டுக்கு வந்து ஒரே போடாகப் போட்டார். மூன்றாம் லைன்காரியின் ஊரில் எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்களாம். தற்காலிகங்கள்தான் முதலில் போனார்களாம். மூன்றாவது லைன் பெண்ணுக்கு நிரந்தர ஆர்டரே கொடுத்தாகிவிட்டதாம். யாருக்காகத் தெருவில் நிற்கிறோமோ அவளே போய்விட்டாள், நமக்கென்ன தலையெழுத்து என்று எங்கள் கூட்டம் முணுமுணுத்தது. திரும்பிப் போய்விட்டால் தற்காலிகங்கள் கதை அன்றோடு முடிந்தது. சாயங்காலம் வரை பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு, தபால் ஆபீஸ் போன் கூண்டுக்கு ஓடினேன்.

பொதுஜனம் மாதிரி அந்த ஊர்த் துணிக்கடைக்கு ஒரு டிரங்க் கால் கேட்டேன். கடையோடு எனக்கு என்ன பேச்சு? அந்தப் பக்கம் போர்டில் யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். எங்கள் போர்டில் ஆபீசரே உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர்கள் பேசிக்கொள்வது வெளியாளுக்குக் கேட்காமல் இருக்க எந்தக் கீயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியாததால் எல்லாமே எனக்குக் கேட்டது. அங்கே மணி அடித்தது. அவள் குரல் மட்டும் வந்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை நாள் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தவள் நான்!

கரகரவென்று ஓர் ஆண்குரல் வந்தது. "யாருங்க அது?"

"நான் ஆபீசர் பேசறேன். நீங்க யாரு?"

"நானும் ஆபீசர்தான்யா. இதுல எந்த வயரை எங்க சொருகறது, அதைச் சொல்லு முதல்ல."

சிரிப்பும் அழுகையுமாகக் கூண்டைவிட்டு வெளியே வந்து, எங்கள் கூட்டத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அதன் பிறகு எங்களில் ஒருத்தியும் அசையவில்லை. அடுத்த வாரமே மேலிடம் இறங்கி வந்தது. தற்காலிகங்களையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது.

திரும்பிப் போன முதல் நாள் முதல் வேலையாக மூன்றாவது லைனைக் கூப்பிட்டேன். கூண்டுக் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். மூக்காலேயே சிரித்தாள். பிறகு, ஸ்ட்ரைக்கின்போது தன் வீட்டுக்கும் அந்த ஊர் ஆபீசர் வந்ததைச் சாதாரணமாகச் சொன்னாள். நிரந்தர ஆர்டரையே கையில் கொண்டுவந்தாராம். எங்கள் ஊரில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள், செயலாளரம்மாதான் முதல் ஆள் என்றாராம். அவள் மாமியார் பேனாவையே எடுத்துக் கொடுத்தாராம், இவள்தான் கையெழுத்துப் போடவில்லையாம்.

"அப்புறம் நீ எப்படிடி விசாரிச்ச?" என்றேன்.

"விசாரிக்கவா? எதுக்குக்கா? நீங்க திரும்பிப் போறதா இருந்தா ரயில் ஏறி வந்தாவது என்கிட்ட சொல்லிட்டுத்தானே போவீங்க."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "லைன்ல இருக்கீங்களாக்கா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.