ராஜாவுக்கு மருந்து வைத்தது யார்?

தோணிரேவு லோகாம்பாள் யாரையும் சட்டென்று நம்பமாட்டாள். இறால் வியாபாரத்தில் தராசு முள்ளையே பார்த்துப் பழகிய கண். புருஷன் சம்பந்தம் போட்டுத் தரும் டீயைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பாள். அவள் முழுசாக நம்பிய ஒரே ஜீவன், செவலை நாய் ராஜா.

தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் அம்பிகா, ராஜாவைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்பக் கொழுத்துப்போச்சும்மா. சாப்பாட்டைக் கொஞ்சம் கொறைங்க."

அன்றிலிருந்து காலையில் ஒரு கைப்பிடி சோறு. அவ்வளவுதான்.

நாய் மெலிந்தது. மெலிந்தால் சுருண்டு படுக்கும் என்று நினைத்தாள். அதுவோ வெயிலென்றும் பாராமல் ஏரிக்கரையில் நாக்குத் தொங்க ஓடிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. தட்டைத் தொட்டால் அவளைப் பார்த்தே உறுமியது.

"எவளோ மருந்து வெச்சுட்டாய்யா," என்றாள் சம்பந்தத்திடம்.

அப்புறம் வேவு பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் வேலியோரம் எதையோ வீச, ராஜா பாய்ந்து கவ்வியது.

"இன்னாடி போட்ட என் நாய்க்கு?"

"மீன் தலக்கா. பசியில அலையுதேனு போட்டேன்."

"என் ஊட்டுல சோறு இல்லியா? இன்னா கலந்த, சொல்லு!"

தெருவே கூடிவிட்டது. கஸ்தூரியம்மாள் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மீன் தலை நின்றது. நாயின் ஓட்டமோ இன்னும் கூடியது.

பயந்துபோய் ராஜாவை ஆட்டோவில் ஏற்றி அம்பிகாவிடம் கொண்டுபோனாள். விஷம்தான் என்று சாதித்தாள். அம்பிகா நாயின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன போடுறீங்க?" என்றார். ஒரு கைப்பிடி சோறு என்றதும் அவர் முகம் மாறியது.

"கொஞ்சம் கொறைக்கச் சொன்னேம்மா, பட்டினி போடச் சொல்லல. பசி முத்துனா மூளையில ரசாயனமெல்லாம் மாறிடும். படுக்க விடாது, எங்கியாவது தேடுனு வெரட்டும். எலிங்கள வெச்சுப் பார்த்திருக்காங்க. தீனி கொறையக் கொறைய கூண்டுல இருக்கிற சக்கரத்துல ஏறி ஓடிக்கினே இருக்கும். இதுக்கும் அப்படித்தான் இருக்கணும். விஷம் ஒண்ணுமில்ல."

லோகாம்பாள் நம்பவில்லை. தன் தப்பை மறைக்க டாக்டரம்மா கதை கட்டுகிறாள் என்றே பட்டது. இருந்தாலும் அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றைக் கூட்டினாள். சில வாரத்தில் ராஜா படகு நிழலில் கால் நீட்டித் தூங்கியது.

அதைப் பார்த்த அன்றே லோகாம்பாள், கஸ்தூரியம்மாளின் வாசலில் போய் நின்றாள். "என் கைதான் அதைப் பட்டினி போட்டுச்சு. உன்னப் போய் சொல்லிட்டேன்."

கஸ்தூரியம்மாள் மீன் ஆய்வதை நிறுத்தவில்லை. "நாய அனுப்பு. நீ வராத," என்றாள்.