இளவரசர் கேட்ட லீவு

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்பின் கட்டிடங்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஊரைவிட்டு இந்த நாட்டுக்குக் குடிவந்த புதிதில் அடுத்த கட்டிடத்துக் கதவில் என் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். உள்ளேயிருந்து யாராவது திட்டினால்கூடத் தேவலை, ஒரு மனிதக் குரல் கேட்ட மாதிரி இருக்குமே என்று தோன்றும். தனியாள் நான். துவைத்து முடித்த வாஷிங் மெஷின் கூப்பிட்டால், "இதோ வரேன்" என்று பதில் சொல்கிற ரகம்.

நூலகத்தில் பழைய புத்தகங்களை விற்றபோது, அட்டை அழகாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்துவந்தேன். எல்லாம் கடிதங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இளவரசர் ஒருவர், ஆட்சியைப் பிடிக்கப் போய்ச் சொதப்பி, ஒரு கோட்டையில் ஆயுள் கைதியானார். அப்போது அவர் எழுதியவை, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. ஈரச் சுவர், குளிர், வாசலில் காவல். ஆனாலும் கூடவே ஒரு டாக்டர், ஒரு வேலைக்காரர், சாயங்காலம் சீட்டாடக் கூட்டாளிகள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

புத்தகத்தின் பின்பாதியில் இத்தாலியில் இருந்த அவர் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து சிறையில் உட்கார்ந்துகொள்கிறேன், சத்தியம் என்று அரசுக்கு எழுதினார் இளவரசர். லீவு கிடைக்கவில்லை.

அந்த வாரம்தான் திருச்சியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "அப்பா உங்கிட்ட சொல்ல மாட்டார்டா. ஹார்ட் ரொம்ப வீக்காம். பாக்கறவங்க வந்து பாத்துடட்டும்னு டாக்டர் சொல்லிட்டார்."

என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா காலாவதியாகிவிட்டது. இங்கேயே இருந்து வேலை பார்க்கத் தடையில்லை; ஆனால் ஊருக்குப் போனால், புது விசா முத்திரை வாங்காமல் திரும்பி வர முடியாது. அதற்கு நேர்காணல் தேதி கிடைப்பதற்குள் வேலை போய்விடலாம். கம்பெனி வக்கீலம்மாவுக்கு, "என் மானத்தின் மேல் ஆணை, திரும்பி வருவேன்" என்று இளவரசர் பாணியில் எழுதிப் பார்த்தேன். நல்லவேளை, அனுப்பாமல் அழித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டேன். பயணம் உசிதமல்ல என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மறுநாள் காலை வீடியோவில் அப்பா. உடம்பு நன்றாக இருப்பதாகக் காட்ட, இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துப்பட்டைக்குள் இன்னொரு கழுத்து நுழையும்.

"சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. நான் வேணா ஒரு நடை வந்துட்டு..."

"எதுக்கு? லீவ வேஸ்ட் பண்ணாத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததே கிடையாது. மௌனத்தை நிரப்ப இளவரசர் கதையைச் சொன்னேன். அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பையன விடுங்க, பாக்கணும்னு அவங்கப்பாவே கவர்மென்ட்டுக்கு எழுதினாராம்பா."

"அவரேவா? வெக்கப்படாம?"

"ஆமா."

"தைரியம்தான்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நமக்கெல்லாம் அது வராதுடா."

நான் மேசைமேல் கிடந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"அப்புறம்? போய்ப் பாத்தானா?"

"கூலியாள் வேஷம் போட்டு ஜெயில்லேர்ந்து தப்பிச்சு லண்டன் போயிட்டாம்பா. அங்கேர்ந்து அவங்கப்பா இருந்த ஊருக்குப் போக பர்மிஷன் கேட்டான். குடுக்கல."

"அப்பவே விசாவா!" அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். "அப்ப அந்த மனுஷன்?"

"பாக்காமலே போயிட்டார்பா."

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் என் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் வரேம்பா," என்றேன்.

வேலை என்னாகும் என்பார், லீவு என்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எந்த ஃப்ளைட்டு?" என்றார்.