தா என்றால் தருவாள்

எம். புதுப்பட்டி மாரித்தாய் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசு வேலைக்குப் போகிறவள். தீபாவளிக்கு ஒரு மத்தாப்புகூடக் கையில் பிடிக்கமாட்டாள், அம்புட்டு பயம். அவளுக்கு ஒரே மகள், இசைவாணி. ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெற்றவள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். கையில் ஒன்று கிடைத்தால் யாருக்கும் தரமாட்டாள். பிடுங்கினால் அலறிக்கொண்டு கையில் இருப்பதைத் தரையில் ஓங்கி அடிப்பாள். சாமி குத்தம் என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

சீசன் நேரம். கம்பெனியில் இடம் பற்றவில்லை என்று ஃபோர்மேன் மொக்கைச்சாமி மணி மருந்தைக் கொண்டுவந்து அவள் வீட்டு மாடியில் காயப்போடச் சொன்னான். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிக்குள் வைக்கும் குட்டி உருண்டைகள் அவை. தீக்குச்சியே வேண்டாம், உரசினால் போதும்.

"ரெண்டு வெயில் காட்டிக் குடு தாயி, லோடு ஏத்திருவேன்."

வீட்டில் வைக்கக் கூடாது என்று மாரித்தாய்க்குத் தெரியும். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பாள். ஆனால் இசைவாணி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உருண்டைகளைப் பார்த்தாள், பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தொடாமல் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று மாரித்தாய் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிள்ளை ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது.

இசைவாணி போகும் பேச்சுப் பயிற்சி மையத்துப் பிரீத்திகா டீச்சர் காரியாபட்டிப் பக்கத்துக்காரி, பட்டாசு வேலை அறியாதவள். கையை நீட்டி 'தா' என்று கேட்பதும், கொடுத்தால் கைதட்டுவதுமாகப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் மகளைக் கூப்பிடக் கிளம்பும்போது டீச்சரின் போன் வந்தது.

"அக்கா, இன்னைக்கு உங்க மக தானாவே குடுத்தா. நான் கேக்கவே இல்ல."

மாரித்தாய்க்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. போனில் கடகடவென்று ஏதோ குலுங்கியது.

"அது என்ன சத்தம் டீச்சர்?"

"பையில கறுப்பு உருண்டை கொண்டாந்திருக்கா, பாசிமணி மாதிரி. டப்பாவுல போட்டுக் குலுக்குறா."

மாடியில் காய்கிற மணி மருந்து அது என்று மாரித்தாய்க்குப் புரிந்துவிட்டது. பிடுங்கச் சொன்னால் தரையில் அடிப்பாளே.

"டீச்சர், அது வெடிமருந்து. பிடுங்கிராதீக. மெல்லக் கைய நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்க."

"தா, இசைக்குட்டி." டீச்சர் கேட்டாள். குலுங்கல் நிற்கவில்லை. மறுபடியும் கேட்டாள். குலுங்கல் நின்றது.

"தந்துட்டா அக்கா."

மாரித்தாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிழைத்தோம் என்று நினைத்தாள். அப்புறம்தான் டீச்சர் முதலில் சொன்னது உறைத்தது.

"டீச்சர், தானா குடுத்தான்னீகளே. என்னத்த, யாருக்குக் குடுத்தா?"



"அந்த உருண்டையத்தான் அக்கா. எல்லாப் பிள்ளைக்கும், ஆளுக்கு ஒரு பிடி. பையில போட்டுக்கிட்டாங்க. அவங்கள ஏத்திக்கிட்டு வேன் இப்பதான் கெளம்பிப் போச்சு."